சந்தனம் ஒட்டாத கன்னம்

கோணச்சூளைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல அறிவுக்குப் பஞ்சமே கெடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால வச்ச எடத்துல அப்படியே கெடந்துச்சு. ஊரே செங்கல் அறுத்து, சூளை போட்டுப் பொழைக்கிற ஊரு. அதுல தவசின்னு ஒருத்தன், முப்பத்தோரு வயசு. சூளை வாயில நின்னு நின்னு, செங்கல் வேகுறதுக்கு முந்தி இவன் முகம் வெந்து போச்சு. கன்னத்தத் தொட்டா பழைய சுவத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

அப்படிப்பட்டவனுக்கும் ஒரு பொண்ணு அமைஞ்சுச்சு. பேரு செவ்வந்தி, டவுனுல பியூட்டி பார்லர் வச்சிருக்கா. வழவழ முகமாப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சோ என்னமோ, இவன அவளுக்குப் புடிச்சுப் போச்சு. புடிச்சாப் போதுமா? அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. பரிசம் போடுறப்ப பொண்ணோட அத்தை மாப்பிள்ளை கன்னத்துல சந்தனம் பூசணும். அது காயிற வரைக்கும் ஒட்டி நின்னாத்தான் சம்பந்தம்.

அத்தை ராக்காயி வந்து பூசுனா. சந்தனம் ஒட்டத்தான் செஞ்சுச்சு, கன்னந்தான் ஒட்டல. பொருக்கோட பேந்து வெத்தலத் தட்டுல விழுந்துச்சு.

"வர்ற வியாழக்கிழமை இன்னொரு தரம் பாப்போம். அன்னிக்கும் உதிர்ந்துச்சுன்னா வேற மாப்பிள்ளை பாத்துருவோம். அப்புறம் எங்களக் கொற சொல்லக்கூடாது"ன்னுட்டு ராக்காயி வண்டியேறிட்டா. செவ்வந்தி மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. தவசிக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. மூணாவது நாள் எறங்குச்சு, கறிக்கொழம்பு வச்சிருந்தாங்க.

அன்னிக்கே பஸ்ஸுல ஒரு பார்சல் வந்துச்சு. செவ்வந்திதான் அனுப்பியிருந்தா. உள்ள ஒரு பாட்டிலு, தலையில அமுக்குனா புஸ்ஸுன்னு பனி மாதிரி அடிக்கும். கூடவே அவகிட்டேருந்து போனும் வந்துச்சு. சூளை மேஸ்திரி கட்டாரி போன வாங்கி ஸ்பீக்கர்ல போட்டான். ஊரே சுத்தி ஒக்காந்துச்சு.

"என்னம்மா இது, கொசு மருந்தா?"

"இல்லண்ணே, ஃபேஸ் மிஸ்ட். முகத்துக்கு ஈரம் குடுக்கும். ஒரு மொழம் தள்ளி வச்சு, கண்ண மூடிக்கிட்டு அடிங்க. அடிச்சுட்டுத் தொடைக்காதீங்க, தானாக் காயட்டும்."

"உள்ள என்னென்ன போட்டிருக்கு?"

"பன்னீர், கத்தாழை, வெள்ளரிக்கா, கிளிசரின்..."

"ரெண்டு வெங்காயம் போட்டா பச்சடி ஆயிருமே"ன்னா எருமைக்கார அங்கம்மா.

இந்த அங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவளுக்கு எருமைய வித்தவன், தெனம் ஆறு படி பால் குடுக்கும்னு சொல்லித்தான் வித்தான். இவ செம்ப முன்னால வச்சு, குடுக்கட்டும்னு மூணு நாளா எதிர்ல ஒக்காந்திருந்தா. மடி கனத்து எருமை கத்துது. இவ சொல்றா, "பாவம், குடுக்க மனசு வரல போல. நாம வற்புறுத்தக் கூடாது." அப்புறம் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வந்து கறந்து காட்டுனா. "அடிப்பாவி, கேக்காமக் கொள்ளாம எடுக்குறியே!"ன்னு அங்கம்மா அவ கூடச் சண்டைக்குப் போனா. அந்தச் சண்டை பஞ்சாயத்து வரைக்கும் போச்சு. சரி அது கெடக்கட்டும், போனுக்கு வருவோம்.

"அப்புறம் ஹையலூரானிக் ஆசிட்னு ஒண்ணு இருக்குண்ணே. பேருதான் ஆசிட்டு, ஒண்ணும் பண்ணாது. தன் எடையப்போல ஆயிரம் பங்கு தண்ணிய இழுத்துப் புடிச்சு வச்சுக்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான்"னா செவ்வந்தி. அதோட சிக்னல் போயிருச்சு.

எல்லாரு கண்ணும் கெணத்துப் பக்கம் போச்சு. கோணச்சூளைக்கு இருக்கிறது ஒரே ஒரு கெணறு.

"ஆயிரம் பங்கு"ன்னான் கட்டாரி மெதுவா. "தவசி முகத்துல இத அடிச்சுட்டுக் கெணத்த எட்டிப் பாத்தான்னு வையி. கெணத்துத் தண்ணி எங்க இருக்கும்?"

"தவசி கன்னத்துல இருக்கும்"னான் சடையன். மண்ணு மிதிக்கிற ஆளு, தவசிக்குப் பங்காளி.

"அப்ப நாம எதக் குடிக்கிறது?"

"தவசி அழுதாக் குடிக்கலாம்"னா அங்கம்மா.

தவசிக்கு ஒரு பக்கம் செவ்வந்தி, ஒரு பக்கம் ஊருத் தண்ணி. "நான் கெணத்துப் பக்கமே போக மாட்டேன்யா, சத்தியமா. குளிக்கக்கூட மாட்டேன்"னு கெஞ்சுனான். குளிக்கிறதப் பத்தி யாரும் கவலப்படல, அவன் பொதுவா அப்படித்தான்.

"கணக்குப் பாக்காம முடிவெடுக்கக் கூடாது"ன்னான் கட்டாரி. "இது ஒரு பாட்டிலு. இது இழுக்கிறது ஆயிரம் பாட்டிலு. கெணத்துல ஆயிரத்துக்கு மேல இருந்தா மிச்சம் நமக்கு. எண்ணிருவோம்."

நாலு பேரு எறங்குனாங்க. காலி சோடா பாட்டில் ஒண்ணுல தண்ணிய மொள்ளுறது, எண்ணுறது, வெளிய ஊத்துறது. முன்னூத்திப் பத்து வரைக்கும் வந்தப்ப சடையன் தும்மிட்டான், எண்ணிக்கை மறந்து போச்சு. திரும்ப ஒண்ணுலேருந்து. அடுத்த நாள் எழுநூறுக்கிட்ட வந்தப்ப, சடையன் ரெண்டாவது தரம் தும்முனது ஐநூத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு சண்டை. சாயங்காலம் பாத்தா, கெணத்துல தவளை தரையில ஒக்காந்திருக்கு.

"பாத்தீங்களா!"ன்னு கட்டாரி தலையில கை வச்சான். "இன்னும் மூடியக்கூடத் தொறக்கல. அதுக்குள்ள கெணத்தையே இழுத்துருச்சு. எப்பேர்ப்பட்ட மருந்துடா இது!"

ராத்திரி கொஞ்சம் ஊத்து ஊறுச்சு, பொழச்சாங்க. மருந்து கெணத்தப் பாக்கவே கூடாதுன்னு, ஊருக்கு வெளிய பாறை மேல வச்சுத்தான் அடிக்கணும்னு தீர்மானம் ஆச்சு. பாட்டில ஒரு சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க.

பாறையில தவசிய ஒக்கார வச்சாச்சு. பின்னால அங்கம்மாவோட எருமை மேஞ்சுக்கிட்டு நிக்கிது. சடையன் பாட்டில நீட்டுனான்.

"ஒரு மொழம்னா யாரு கைக்கு?"ன்னான்.

"அடிக்கிறவன் கைக்கு."

"அப்ப கண்ண மூடுறது யாரு?"

கட்டாரி தாடியச் சொறிஞ்சான். "அந்தப் புள்ள, கண்ண மூடிக்கிட்டு அடிங்கன்னு சொல்லுச்சு. இன்னாருன்னு பேரு சொல்லல. பேரு சொல்லலைன்னா அது எல்லாருக்கும் பொது."

எல்லாரும் கண்ண மூடுனாங்க. தவசி இறுக்கி மூடிக்கிட்டான். அந்த நேரம் பாத்து ஒரு கட்டெறும்பு அவன் தொடையில ஒரு போடு போட்டுச்சு. சத்தம் காட்டாம ஒரு எட்டு தள்ளி நகந்து ஒக்காந்தான். பன்னீர் வாசம் புடிச்ச எருமை, காலியான எடத்துல வந்து முகத்த நீட்டுச்சு. புஸ்ஸு, புஸ்ஸு, புஸ்ஸு.

"மாப்ள பலமா மூச்சு விடுறான்யா"ன்னான் சடையன், கண்ணத் தொறக்காம.

"சந்தோசம்டா அவனுக்கு"ன்னான் கட்டாரி.

தவசிக்கு மேல ஒரு பொட்டு ஈரம் படல. பட்டதே தெரியல பாரு, டவுனு சாமான்னா டவுனு சாமான்தான்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டான். தானாக் காயணும்கிறதால ஒரு மணி நேரம் யாரும் கண்ணத் தொறக்கல. தொறந்தப்ப எருமை பழையபடி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மறுநாளும் இதே கூத்து. அதுக்கு மறுநாளும். எறும்புக்குப் பயந்து தவசி எல்லாரும் கண்ண மூடுனதுமே தள்ளி ஒக்காந்துருவான், எருமை ஒடனே வந்து நின்னுரும். புதன்கெழமை பாட்டில் தீந்துச்சு.

வியாழக்கிழமை விடிஞ்சுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எறங்குனாங்க. வாசல்ல பன்னீர்ச் செம்பால வர்றவங்க மேல தெளிச்சாங்க. தவசி புதுச் சட்டையோட நாற்காலியில ஒக்காந்திருந்தான். செவ்வந்தி அவன் முகத்தப் பாத்தா. அவ முகம் சுருங்கிப் போச்சு.

ராக்காயி சந்தனத்தக் கொழச்சு எடுத்துப் பூசுனா. கூட்டம் எட்டி எட்டிப் பாக்குது.

பொத்துன்னு விழுந்துச்சு.

"தட்ட எடுங்க"ன்னா ராக்காயி. "வாங்க போவோம்."

தவசி செவ்வந்தியப் பாத்தான். "புள்ள, நான் சொன்னபடிதான் செஞ்சேன். தொடைக்கக்கூட இல்ல"ன்னான்.

அந்த நேரம் வாசல்ல ஒரே கூச்சல். பன்னீர் வாசத்துக்கு எருமை கயித்த அத்துக்கிட்டு வந்து, பந்தலுக்குள்ள பூந்து, சடையன் முன்னால முகத்த நீட்டிக் கண்ண மூடிக்கிட்டு நின்னுச்சு. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சு.

"இந்த மூச்சு!"ன்னு சடையன் அலறுனான். "அத்தன நாளும் என் கையில பட்ட மூச்சு இதுதான்!"

எல்லாரும் எருமையப் பாத்தாங்க. கருங்கல்லு செலைக்கு எண்ணெய் பூசுன மாதிரி மினுமினுன்னு ஒரு முகம். செவ்வந்தி தொழில் பண்றவ இல்லையா, அவளே வாயப் பொளந்துட்டா. "என் பார்லருல ஒரு முகம் இப்படி வந்ததில்ல"ன்னா.

கட்டாரி தொண்டையச் செருமுனான். "அத்தை, அவசரப்படாதீங்க. தவசிக்குன்னு வந்த மருந்து. தவசி பேரச் சொல்லி அடிச்சோம். அது போய்ச் சேந்த முகம் இது. அப்ப ஞாயமாப் பாத்தா தவசி முகம் எது?"

ராக்காயி யோசிச்சா. அவளும் அந்தப் பக்கத்துக்காரிதானே. "ஆமால்ல"ன்னா. ஒரு கை சந்தனம் அள்ளி எருமை கன்னத்துல அப்புனா. கால் மணி, அரை மணி ஆச்சு. காஞ்சு இறுகி, சும்மா சிமெண்ட் மாதிரி நின்னுச்சு. "ஒட்டிருச்சு! சம்பந்தம் முடிஞ்சுச்சு!"ன்னு அவளே மொதக் கொலவை போட்டா. தவசி கண்ணத் தொடச்சுக்கிட்டு, எருமை கால்ல விழப் போனான், சடையன் புடிச்சு நிறுத்துனான்.

பந்தி நடக்குறப்ப செவ்வந்தி மெல்ல தவசி பக்கத்துல வந்தா.

"மாமா, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள முகத்துக்குத் தெனமும் தேங்கா எண்ணெ தடவிட்டு வாங்க, என்ன?"

"தடவிடுறேன் புள்ள"ன்னான் தவசி, ரொம்பப் பொறுப்பா. "கொம்புக்கும் சேத்துத் தடவணுமா, முகத்துக்கு மட்டும் போதுமா?"