பேச்சித்தாயின் விண்ணப்பம்

துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்து நாலு வயது. தொழில் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த நப்பின்னைக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே வெப்சைட் வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எட்டு மாதமாக இருவரும் அதே வேலையாக இருந்தார்கள். ஒன்பது துறைகளிடமும் கெஞ்சிக் கூத்தாடிப் படிவங்களை வாங்கி, ஒரே இடத்தில் ஏற்றியவர் துரைக்கண்ணு.

மறுவாரம் திறப்பு விழா.

"டீச்சர், ஒன்பது வாசலை ஒரே வாசலாக்கியாச்சு. இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டார்.

நப்பின்னை எழுந்து போனாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள்.

"இவங்க பேச்சித்தாய். அப்பளக் கம்பெனி வைக்கணுமாம். நீங்களே பதிஞ்சு கொடுங்க சார்."

துரைக்கண்ணு உற்சாகமாக உட்கார்ந்தார். பெயரை அடித்தார். கொஞ்சம் கீழே போனதும் மறுபடி பெயர் கேட்டது. மறுபடியும் அடித்தார். பிறகு தீயணைப்புச் சான்று எண் கேட்டது.

"அது இல்லீங்கய்யா. கரண்டு நம்பர் இருந்தாத்தான் தருவாங்களாம்."

"சரி, கரண்டு நம்பர்?"

"அதுக்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் கேக்காங்க. பஞ்சாயத்துல போனா, தீயணைப்புச் சான்று எங்கேன்னு கேக்காங்க."

துரைக்கண்ணு திரையைப் பார்த்தார். மூன்று கட்டங்களும் சிவப்பாக நின்றன.

"எத்தனை நாளா அலையிறீங்க?"

"நாலு மாசம். மெஷின் சாக்குல சுத்துனபடியே கெடக்கு. கூட வர்றதாச் சொன்ன ஆறு பேர்ல ரெண்டு பேரு பழையபடி தீப்பெட்டி ஆபீசுக் கூலி வேலைக்கே திரும்பிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இங்கேயே இருங்கம்மா."

மூன்று அலுவலகங்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தன. தீயணைப்புக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே இடத்தைப் பார்த்துச் சரி சொல்லியிருந்தார்கள். கரண்டு நம்பருக்காகக் காகிதத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். 'இடம் பார்த்தாயிற்று' என்று அவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்கினார். அதைக் காட்டி, இரண்டு மாடி இறங்கி லைசென்ஸ் வாங்கினார். லைசென்ஸைக் காட்டிக் கரண்டு நம்பர் வாங்கினார். நம்பரோடு மறுபடி மேலே ஏறித் தீயணைப்புச் சான்றையும் வாங்கினார். முட்டி வலியோடு அவர் திரும்பி வந்தபோது மணி நாலு.

பேச்சித்தாய் மூன்று காகிதங்களையும் நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மெஷினைப் பிரிச்சிடலாங்களாய்யா?"

"பிரிச்சிடுங்கம்மா."

அவள் போனபின் நப்பின்னை அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே வாசல்னு பெருமையாச் சொன்னேன். அந்த வாசல்லயும் இந்தம்மா நின்னுக்கிட்டேதானே இருந்திருப்பாங்க? இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

"விழாவைத் தள்ளி வெக்கச் சொல்லுவோம். இன்னிக்கு நீங்க ஏறி இறங்குனீங்கல்ல சார், அதை நம்ம வெப்சைட்டுக்குச் சொல்லிக்கொடுங்க."