எட்டாவது நிமிடம்

சத்துமாவு ஆலையில் கலவை இயந்திரம் ரஹீமாவின் பொறுப்பு. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை பழக வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. மூட்டை தூக்கியே இடுப்பு போன மனிதர். இந்த வேலையும் கைநழுவினால் மறுபடி மூட்டைதான். அதை அவர் உடம்பு தாங்காது.

அவர் கலந்த மாவு இரண்டு முறை சோதனையில் தோற்றிருந்தது. சத்துக்காகச் சேர்க்கிற இரும்புத்தூள் ஒரு பாக்கெட்டில் ஏகத்துக்கு, அடுத்ததில் அறவே இல்லை. மூன்றாவதும் இப்படியென்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எட்டு நிமிடம் ஓட்டச் சொல்லி எழுதி ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தின்கிற மாவாயிற்றே என்று இவர் முதல் முறை இருபது நிமிடம் ஓட்டினார். தோற்றதும் அரைமணி ஓட்டினார். இன்று காலை ரஹீமாவிடம் வந்து, முக்கால் மணி ஓட்டட்டுமா என்று கேட்டார்.

அவள் சோதனைக்கென்று இருந்த சின்ன டிரம்மில் மாவையும் இரும்புத்தூளையும் போட்டுச் சுழலவிட்டாள். எட்டாவது நிமிடம் நிறுத்தி, ஒரு காந்தத்தை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் விட்டு எடுத்தாள். மூன்று முறையும் ஒரே அளவு கறுப்புத்தூள் ஒட்டியிருந்தது.

"இப்ப உங்க இஷ்டத்துக்கு ஓட்டுங்கண்ணே."

அரைமணி ஓட்டினார். மேலே விட்ட காந்தம் வெறுமனே வந்தது. அடியில் விட்டதற்குக் கறுப்புத்தூளில் தாடி முளைத்திருந்தது.

சவரிமுத்துவின் முகம் செத்துப்போனது. "கலந்தது எப்படி மேடம் பிரியும்? நல்லாக் கலக்கணும்னுதானே ஓட்டினேன்."

"இரும்பு கனம். உருட்ட உருட்ட அடிக்கு இறங்கிரும்."

பிறகு பெரிய இயந்திரத்தில் அவரே மாவைக் கொட்டி ஓடவிட்டார். ரஹீமா தள்ளிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். ஆறு நிமிடமானது, ஏழானது. அவர் கடிகாரத்தையும் மாவையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டாவது நிமிடம் முடியப்போகும்போது சிவப்புப் பொத்தான் வரை போன கை அங்கேயே நின்றது.

"இன்னும் ரெண்டே நிமிஷம் விடட்டுமா மேடம்? மனசு கேக்கல."

"கலக்குறது மெஷினோட வேலைண்ணே," என்றாள் ரஹீமா. "நிறுத்துறதுதான் உங்க வேலை."

சவரிமுத்து பொத்தானை அழுத்தினார்.