பாதியை விட்டு வையுங்க, சார்

திருச்சியில் மூளை நோய்களை ஆராயும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. குரு சிஷ்யரை "சார்" என்பார். சிஷ்யர் குருவை "மேடம்" என்பார். காலில் விழுவதெல்லாம் கிடையாது. செருப்பை வெளியே விட்டு, கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் அதுதான் தீட்சை.

குருவின் பெயர் நஸீமா. நரம்பணுக்களைத் தட்டில் வளர்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

சிஷ்யர் சபாபதி. மருந்துக் கம்பெனி ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். மனைவி பொற்கொடிக்கு ஐம்பது வயது ஆவதற்குள் மறதி நோய் வந்துவிட்டது. நோயின் பெயரை டாக்டர் சொன்ன கையோடு சபாபதி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இங்கே வந்து நின்றார்.

பொற்கொடியும் ஒருநாள் வந்து, கையிலிருந்து துளித் தோலைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படிப் பலர் கொடுத்திருந்தார்கள். அந்தத் தோலைப் பக்குவம் பண்ணி, மாதக்கணக்கில் பொறுத்திருந்து, நரம்பணுக்களாக மாற்றுவார்கள். பிறகு அவற்றின் மேல் மருந்துகளைச் சோதிப்பார்கள். தட்டுகளின் மூடியில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

தட்டுகள் தன் கைக்கு வந்த முதல் வாரமே சபாபதி கேட்டார்.

"மேடம், இதுல எது பொற்கொடியோடது?"

"எனக்கே தெரியாது சார்."

"ஆபீஸ்ல கேட்டா?"

"சொல்ல மாட்டாங்க. சொன்னா உங்க கை அந்த ஒரு தட்டுக்கு மட்டும்தான் ஒழுங்கா வேலை பார்க்கும்."

எது என்று தெரியாததால் சபாபதிக்கு எல்லாத் தட்டும் பொற்கொடிதான். மூடியைத் திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். உறையூரில் இருந்த பழைய வீட்டைக் காலி செய்து, ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே புது ஃபிளாட் பார்த்தார். புது அடுப்பு, புதுப் பாத்திரம், வழுக்காத தரை. எந்த அலமாரியில் என்ன என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். பழைய சாமான்களை ஒன்றுவிடாமல் அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றினார். ராணி மாதிரி வைத்துக்கொண்டார் என்றே சொல்லலாம். ராணிக்குத்தான் நாளுக்கு நாள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சமையலறை வாசல் வரை வருவாள், அதற்குமேல் கால் போகாது.

"யார் வீடுங்க இது?"

"நம்ம வீடும்மா."

"எப்ப நம்ம வீட்டுக்குப் போவோம்?"

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த அம்மா வந்து சேர்ந்ததும், அந்தக் கேள்விக்குப் பயந்தே சபாபதி வேலைக்கு ஓடிவிடுவார்.

தங்கையின் நிக்காஹுக்காக நஸீமா நாகூர் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் தட்டுகள் சபாபதியின் பொறுப்பு. நரம்பணுக்கள் மூழ்கிக் கிடக்கும் சிவப்புத் திரவத்தை அங்கே மீடியம் என்பார்கள். சோறும் தண்ணீரும் அவற்றுக்கு அதுதான். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

"பழசுல பாதிய எடுங்க, புதுசு பாதிய ஊத்துங்க. முழுசா மட்டும் மாத்திடாதீங்க. பாதிய விட்டு வையுங்க, சார்."

"சரிங்க மேடம்."

தலைதான் ஆடியது, மனசு ஆடவில்லை. அவருடைய கம்பெனியில் பாத்திரத்தின் அடியில் பழசு ஒரு சொட்டு நின்றால் மொத்தச் சரக்கையும் கீழே கொட்டிவிடுவார்கள். மிச்சம் மீதியோடு புதுசைக் கலப்பதா, அதுவும் பொற்கொடிக்கா என்று நினைத்தார். ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்துவிட்டு, முழுக்கப் புதுசாக ஊற்றினார். அந்த வாரம் முழுக்க அப்படியே செய்தார்.

நஸீமா திரும்பி வந்ததும் முதல் வேலையாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த மெல்லிய இழைகள் அறுந்து சுருங்கியிருந்தன. பல அணுக்கள் உருண்டு மிதந்தன.

சபாபதிக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது.

"ஒரு சொட்டு விடல மேடம். முழுசா புதுசுதான் குடுத்தேன். நல்லது பண்றதா நினைச்சேன். அவளைக் கொன்னுட்டேனா?"

நஸீமா திட்டவில்லை. இதே அணுக்களை இன்னொரு வரிசைத் தட்டுகளில், பக்கத்து அறையில், வேறொருவர் பொறுப்பில் வளர்ப்பது அவர் வழக்கம். அந்தத் தட்டுகளிலிருந்து பழைய மீடியத்தில் பாதியை எடுத்தார். வடிகட்டினார். நோஞ்சானாகக் கிடந்த தட்டுகளில் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"மேடம், அது எச்சில் தண்ணி!"

"ஆமா சார்."

"கழிவெல்லாம் இருக்குமே அதுல?"

"இருக்கு. கூடவே, அதுங்க உயிரோட இருக்கறதுக்குத் தாங்களே சுரந்து வச்சதும் இருக்கு. அதை நம்மால குடுக்க முடியாது. எந்த பாட்டில்லயும் வராது."

சபாபதி தட்டின் பக்கம் குனிந்தார்.

"பிழைக்குமா?"

"போனது போனதுதான். மிஞ்சினது இருக்கே சார். அதுக்குத்தானே தினம் வேலைக்கு வர்றோம்?"

சில நாட்கள் கழித்து நஸீமா கூப்பிட்டார். "இந்த ஓரத்துல பாருங்க."

சபாபதி குனிந்து பார்த்தார். பிழைத்துக் கிடந்த ஓர் அணு, பக்கத்து அணுவை நோக்கிப் புதிதாக ஓர் இழையை நீட்டியிருந்தது. இன்னும் போய்த் தொடவில்லை, ஆனால் கிளம்பிவிட்டது. அவருக்குக் கண் கலங்கி, எல்லாம் மங்கிப்போனது.

அன்று அனுமதி கேட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார். ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார்.

மறுநாள் தாமதமாக வந்தார். அவர் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். பழைய சாமான் கொஞ்சம் இறக்கி வச்சேன். அவ உக்கார்ற ஸ்டூலு, விளிம்பு நசுங்கின காபி ஃபில்டர், ரெண்டு டம்ளர். காலையில எந்திரிச்சு வந்தா, ஃபில்டரையே பார்த்துக்கிட்டு சமையலறைக்கு உள்ள நிக்கிறா. நான் ஒண்ணும் கேக்கல. அடுப்ப மட்டும் பத்த வச்சேன். கை பாட்டுக்கு எடுத்துது, பொடியப் போட்டுது, மேடம்!"

"பேசினாங்களா?"

"'எங்க போய்த் தொலைஞ்சீங்க, காபி ஆறிப்போகுது'ன்னு திட்டினா."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"எப்படி இருந்துச்சு காபி?"

"சக்கர போட்டத மறந்து மறுபடியும் போட்டுட்டா. பாயசம் தோத்துரும்."

"குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு விடல மேடம்."

இருவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். சபாபதி தட்டுகளை வரிசையாக வைத்தார். பழசில் பாதியை எடுத்தார், புதுசு பாதியை ஊற்றினார். கடைசித் தட்டை மூடும்போது மட்டும் மனசு கேட்கவில்லை.

"மேடம், எப்பவாவது தெரிய வருமா? எது பொற்கொடியோடதுன்னு?"

நஸீமா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலையில குடிச்சிட்டு வந்தீங்களே சார், அது."