ஒழுகுன வீடும் மூணு வருச மரியாதையும்

கேளுங்க. மழை சொன்ன மாசத்துல வந்துக்கிட்டிருந்த ஒரு காலம் இருந்துச்சு. அந்தக் காலத்துல நெடுமடைன்னு ஒரு சின்ன ராச்சியம். ராஜாவுக்கு ஒரே ஒரு யானை, அதுக்கும் வயசாயிருச்சு. தெருவுல போறவங்களை ராஜா பேர் சொல்லிக் கூப்பிடுவாரு.

ஊர் முழுக்க ஓட்டு வீடு. ஐப்பசி மழை இறங்குனா அத்தனை ஓட்டுலயும் ஒரே நேரத்துல சத்தம் வரும். ஜனங்க பேச்சை நிறுத்திட்டுக் கேப்பாங்க. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்ல. ஆனாலும் மழை பெய்யும்போதெல்லாம் அதுக்காக ஏக்கமா இருக்கு.

அங்க வாடகை வீட்டுக்கு எழுத்தெல்லாம் கெடையாது, வாய்ப்பேச்சுதான். கூரை வீட்டுக்காரர் பொறுப்பு. தரை குடியிருக்கவர் பொறுப்பு. சுவத்தைப் பத்தி யாரும் எதுவும் சொல்லி வைக்கல. அது பாட்டுக்கு நிக்கும்னு நெனச்சுட்டாங்க.

கூடவே ரெண்டு மரியாதையும் உண்டு. குடியிருக்கவங்க வீட்டுக்குள்ள போற வீட்டுக்காரர் அண்ணாந்து பாக்கக் கூடாது. பாத்தா, வேவு பாக்க வந்திருக்காருன்னு அர்த்தம். குடியிருக்கவர் வீட்டைக் குறை சொல்லக் கூடாது. சொன்னா, நன்றி கெட்டவர்னு அர்த்தம்.

ஆவுடையப்பன்னு ஒருத்தர், வீட்டுக்காரர். அவர் வீட்டுல மாடக்கண்ணுன்னு ஒரு பாய் முடையிறவன், பெண்சாதி பேராச்சியோட குடியிருந்தான். ரெண்டு பேருமே தங்கமான ஆளுங்க. பிரச்சினையே அதுலதான்.

முதல் வருசம் மூலையில சொட்டு விழுந்துச்சு. மாடக்கண்ணு ஒரு சட்டியை வச்சான். கார்த்திகைக்கு ஆவுடையப்பன் பொரி உருண்டையோட வந்தாரு. மாடக்கண்ணு சட்டியை ஒளிச்சு வச்சுட்டு, சுவத்து ஈரத்து மேல ஒரு சின்னப் பாயைத் தொங்க விட்டான். அவரும் நேராப் பாத்து, பாய் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு.

ரெண்டாம் வருசம் சொட்டு ஒழுக்காச்சு. சட்டிக்குப் பதிலா அண்டா. சின்னப் பாய்க்குப் பதிலா பெரிய பாய். அவர் வந்தாரு, நேராப் பாத்தாரு, பாய் ரொம்ப நல்லாருக்குன்னாரு.

மூணாம் வருசம் வைக்கிறதுக்கு வீட்டுல பாத்திரமே இல்ல. இருந்ததுலயே பெரிசான கல்யாணப் பாயை எடுத்து மாட்டுனான். அந்த வருசம் பாயைச் சுவர் தாங்கல, சுவத்தைத்தான் பாய் தாங்குச்சு. ஆவுடையப்பன் பொரி உருண்டையைக் குடுத்தாரு, பாயைப் புகழ்ந்தாரு, போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு சுவர் வெளிப்பக்கமா விழுந்துருச்சு.

யாருக்கும் அடிபடல. ஆனா பேராச்சி நெறமாசம். பத்து நாள்ல பிரசவம்னு மருத்துவச்சி சொல்லியிருந்தா. பேராச்சி கோயில் மண்டபத்துல ஒரு மூலையில ஒதுங்கி உக்காந்திருந்தா. பிரசவத்துக்குள்ள அவளுக்கு ஒரு வீடு வேணும்.

ஆவுடையப்பனுக்கு இப்ப மரியாதையெல்லாம் மறந்துபோச்சு. கூரைதான் என்னோடது, விழுந்தது சுவர், நீ கட்டித் தர்ற வரைக்கும் வீடு பூட்டிக் கெடக்கட்டும்னாரு. தண்ணி மேல இருந்துதான வந்துச்சு, தரையில இருந்து ஊறியா வந்துச்சுன்னு மாடக்கண்ணு கேட்டான்.

வழக்கு ராஜாகிட்ட போச்சு. காலையில கேட்டாரு, மத்தியானம் கேட்டாரு, சாயங்காலம் கேட்டாரு. கடைசியில, தண்ணி விசயம் எனக்குத் தெரியாது, மடைக்காரிகிட்ட போங்கன்னுட்டாரு. அப்பல்லாம் ராஜாக்கள் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவாங்க.

ஏரி மடையைத் தெறந்து மூடுறவ பூலம்மா. கூரை யாரோடதுன்னு கேட்டா. என்னோடதுன்னாரு ஆவுடையப்பன். தரை யாரோடதுன்னு கேட்டா. என் பொறுப்புன்னான் மாடக்கண்ணு. சுவர் யாரோடதுன்னு கேட்டா. அவர் அவனைக் காட்டுனாரு, அவன் அவரைக் காட்டுனான்.

"நாளைக்கு மழை வரும். அண்ணாச்சி, நீங்க வீட்டுக்குள்ள உக்காருங்க. தம்பி, நீ ஏணி போட்டுக் கூரைக்குப் போ. தண்ணி வர்ற வழிய பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் மழை வந்துச்சு. உள்ள உக்காந்த ஆவுடையப்பன் தலையில ஒரு சொட்டு. நகந்து உக்காந்தாரு. அங்கயும் சொட்டு. மறுபடி நகந்தாரு, அங்கயும் விட்டுவைக்கல. வேற வழியில்லாம அண்ணாந்து பாத்தாரு. மூணு ஓடு ஒடஞ்சு, வானம் தெரிஞ்சுச்சு. வெடிப்புல பாசி பிடிச்சுக் கெடந்துச்சு. பழைய ஒடைசல்.

மேல மாடக்கண்ணுக்கு வேற காட்சி. மூணு வருசமா அவன் கூரையில ஏத்திவிட்டிருந்த சுரைக்கொடி ஓடுகளுக்கு அடியில நுழைஞ்சு தூக்கி விட்டிருந்துச்சு. சருகெல்லாம் சேந்து தண்ணிப் போக்கை அடைச்சிருந்துச்சு. அந்தச் சுரைக்காயை அவன் ருசிச்சுச் சாப்பிட்டிருக்கான். வருசத்துக்கு ரெண்டு காய் அண்ணாச்சி வீட்டுக்கும் போயிருக்கு.

கொடியைப் பிடுங்கிப் பின்பக்கம் வீசுனா ஒருத்தருக்கும் தெரியாது. கை அதுமேல போச்சு. பேராச்சி நெனப்பும் வந்துச்சு. கையை எடுத்துக்கிட்டான். அப்புறம் ஒரு கை சருகை அள்ளிக்கிட்டு எறங்கி வந்து, ஆவுடையப்பன் முன்னாடி வச்சான்.

"அண்ணாச்சி, கொடி என்னோடது. ஓட்டைத் தூக்குனது அதுதான். ஒழுகுனதையும் பாயைப் போட்டு மறைச்சேன்."

ஆவுடையப்பன் குனிஞ்சு சருகைக் கையில எடுத்தாரு. அவரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். வழக்கு ஜெயிச்சிருக்கும்.

"ஓடு அதுக்கு முன்னாடியே ஒடஞ்சிருக்குடா. வருசா வருசம் ஆள் விட்டு மாத்தியிருக்கணும். நான் பொரி உருண்டையோட வந்து பாயைப் பாத்துட்டுப் போயிருக்கேன்."

உடனே, தப்பு பூரா என்னோடதுன்னு ஒருத்தர், இல்ல என்னோடதுன்னு இன்னொருத்தர். அங்க வந்திருந்த பூலம்மா கையைக் காட்டி நிறுத்துனா.

"போதும். இந்த மரியாதையிலதான் சுவர் விழுந்துச்சு."

தீர்ப்பைச் சொன்னா. வீடு வீட்டுக்காரரோடது, அதனால ஓடும் சுவரும் அவர் செலவு. கொடி மாடக்கண்ணுவோடது, அதனால அதை அறுத்து எறக்குறதும் சுவத்துக்கு மண்ணு மிதிக்கிறதும் அவன் வேலை. இனிமே சொல்லாம மறைச்சா, அதுக்கப்புறம் கெடுறது குடியிருக்கவர் தலையில. சொல்லியும் வராம இருந்தா, கெடுறது மொத்தமும் வீட்டுக்காரர் தலையில.

சுவர் விழுந்த ஒன்பதாம் நாள் ஓடு மேஞ்சு முடிச்சாங்க. பத்தாம் நாள், சுவர் சரியாக் காயறதுக்குள்ள, அந்த வீட்டுல பேராச்சிக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. ஆவுடையப்பன் பிள்ளை பாக்க வந்தாரு. முதல்ல கூரையைப் பாத்தாரு, அப்புறம்தான் பிள்ளையைப் பாத்தாரு. யாரும் அதைத் தப்பா எடுத்துக்கல.

இந்தக் கதை சொல்ற நீதி இதுதான்: வீடு ஒழுகுனா குடியிருக்கவன் அன்னிக்கே சொல்லணும், வீட்டுக்காரன் அன்னிக்கே வந்து பாக்கணும்.