பெருங்கிளியும் செந்தலைக்கிளியும்

ஒரு காலத்திலே கானலூர்ச் சீமையை வல்லபராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். சபைக்கு வருகிறவர் யாராயிருந்தாலும் தலையைக் குனிந்தபடியே பேசி, குனிந்தபடியே போய்விட வேண்டும். ராஜாவின் பாட்டனாருக்கு மூக்கு நுனியில் மிளகளவு ஒரு மரு இருந்ததாம். அதை யாரும் பார்க்கக் கூடாதென்று போட்ட உத்தரவு அது. பாட்டனாரோடு மருவும் போய்ச் சேர்ந்தது, உத்தரவு தங்கிவிட்டது.

ராணி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சபையில், "பேச்சுத்துணைக்கு ஒரு கிளி வளர்க்கலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

மறுநாளே இரண்டு கூண்டுகள் வந்தன. அரண்மனைக் களஞ்சியத்து அதிகாரி தெய்வச்சிலையார் கொண்டுவந்தது மலையில் பிடித்த பெருங்கிளி. தோளில் சிவப்புப் பட்டை, பாக்குவெட்டி மாதிரி அலகு. அமைச்சர் சோலையப்பர் கொண்டுவந்தது செந்தலைக்கிளி. சின்ன உடம்பு, ரோஜா நிறத் தலை, அவ்வளவுதான்.

"என் கிளி மகாராஜாவின் குரலிலேயே பேசும்" என்றார் தெய்வச்சிலையார். "அமைச்சரின் கிளி என்ன செய்யும்?"

"சீட்டியடிக்கும். மற்ற நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்" என்றார் சோலையப்பர். "பேச்சுத்துணை என்றால் பேச்சைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டுமே."

தெய்வச்சிலையாருக்குப் பன்னிரண்டு வருஷமாக அமைச்சர் பதவிமேல் ஒரு கண். இதுதான் சமயம் என்று, "ஒரு மண்டலம் இரண்டும் மகாராஜாவோடு இருக்கட்டும். தோற்ற கிளியின் சொந்தக்காரர் அந்தக் கூண்டைத் தலையில் சுமந்துகொண்டு சீமையை விட்டே போகட்டும்" என்றார். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு வெல்லம். சரியென்றார்.

நாற்பத்தெட்டு நாள் கழிந்தது. பெருங்கிளி, தெய்வச்சிலையார் சொன்னபடியே செய்திருந்தது. "என்ன விஷயம்?" என்றது. "அப்புறம்?" என்றது. "ஆகட்டும், பார்க்கலாம்" என்றது. மூன்றும் அச்சு அசல் ராஜாவின் குரல். நடுவில் வரும் இருமல்கூட அவருடையதுதான்.

"இந்தச் சின்னது இருக்கிறதே" என்றார் ராஜா, "நான் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று சொல்லும்போதெல்லாம் குறுக்கே சீட்டியடிக்கிறது. மரியாதை தெரியாத பறவை. அமைச்சரே, தோற்றீர்."

சோலையப்பருக்கு அறுபத்திரண்டு வயது. இந்த வயதில் வேற்றுச் சீமைக்குப் போய் எந்த வாசலில் நிற்பது என்ற கவலை வந்தது. குரலில் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"போகிறேன், மகாராஜா. போகுமுன் ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக் காலைச் சபையில் பெருங்கிளி சிம்மாசனத்தில் இருக்கட்டும். தாங்கள் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது."

இதுவும் வேடிக்கைதானே. ராஜா ஒப்புக்கொண்டார்.

காலையில் சபை கூடியது. வழக்கப்படி எல்லோரும் குனிந்துகொண்டே வந்தார்கள். முதலில் நாகமங்கலத்துக் குடியானவர்கள் நாலு பேர்.

"என்ன விஷயம்?" என்றது கிளி.

"ஏரிக்கரை உடைஞ்சு போச்சுங்க சாமி."

"அப்புறம்?"

"நெல்லெல்லாம் முழுகிப்போச்சுங்க."

"அப்புறம்?"

"ரெண்டு மாட்டை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சுங்க."

"ஆகட்டும், பார்க்கலாம்" என்றது கிளி. இருமியது.

நால்வரும் கும்பிட்டுத் திரும்பினார்கள். தூணைக் கடக்கும்போது ஒருவர் மற்றவரிடம், "போன வருஷமும் இதையேதான் சொன்னாரு" என்றார். "அப்பவும் இருமுனாரு" என்றார் மற்றவர். தூணுக்குப் பின்னால் நின்றவருக்குக் காது சுட்டது.

அடுத்தது தெய்வச்சிலையார். இடுப்பு நோகக் குனிந்து, "அமைச்சர் வீடு காலியாகப் போகிறது. அதை அடியேனுக்குத் தர வேண்டும்" என்றார்.

"அப்புறம்?"

"அவர் பதவியையும் அடியேனே..."

"அப்புறம்?"

அவர் கேட்க நினைத்து வந்தது அவ்வளவுதான். ஆனாலும் ராஜாவே கேட்கும்போது இல்லையென்று சொல்வாரா? "அப்புறம்... கோட்டைச் சாவியும் அடியேனிடம் இருந்தால், மகாராஜா கிளியோடு நிம்மதியாக இருக்கலாம்."

"ஆகட்டும், பார்க்கலாம்."

"பார்த்துவிட்டேன்" என்றபடி ராஜா தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். "தலையை நிமிர்த்தும், தெய்வச்சிலையாரே."

நிமிர்ந்தார். சிம்மாசனத்தில் அவருடைய கிளி காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

"உம்முடைய கிளி, உமக்கே அடையாளம் தெரியவில்லை" என்றார் ராஜா. "தப்பு உம்முடையது மட்டுமில்லை. காலையிலிருந்து என் வேலையை அது பார்த்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏற்கெனவே நான் சொன்னதையே திருப்பிச் சொல்ல எனக்குத் துணை எதற்கு? கூண்டைத் தூக்கும். வழியில் ஏதாவது வேண்டுமென்றால் அதனிடமே கேட்டுக்கொள்ளும்."

தெய்வச்சிலையார் கூண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். மேலேயிருந்து "என்ன விஷயம்?" என்று குரல் வந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார்.

"சோலையப்பரே, உமக்கு என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"அந்த நாலு பேரும் இன்னும் கோட்டை வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள், மகாராஜா."

ஆள் ஓடினான். நால்வரும் திரும்பி வந்து, பழையபடி குனிந்து நின்று, ஏரிக் கதையை முதலிலிருந்து சொன்னார்கள். ராஜா சிம்மாசனத்தில் இருந்தார், பக்கத்தில் செந்தலைக்கிளி.

ராஜா வழக்கம்போல வாயைத் திறந்தார். "ஆகட்டும், பார்க்..."

கிளி சீட்டியடித்தது.

ராஜா நிறுத்தினார். கிளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "கரை எந்தப் பக்கம் உடைந்தது? வீட்டில் விதைநெல்லாவது மிச்சமிருக்கிறதா?"

நால்வரும் சட்டென்று தலையை நிமிர்த்தி, பேசுவது யார் என்று பார்த்தார்கள்.