பட்டத்துக் கச்சையும் முரசின் மேல் வைத்த கையும்

எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேனாறை என்றொரு நாடு, அதைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டான், அவ்வளவுதான் தெரியும். நல்ல ராஜாதான். ஆனால் நினைத்தால் நினைத்தது நடந்தாக வேண்டும். யானை கொண்டுவா என்பான். யானை வந்து நின்றால் குதிரை எங்கே என்பான்.

அந்த வம்சத்துக்கு ஒரு தங்கக் கச்சை உண்டு. விஜயதசமி அன்று அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ராஜா கொலுவிருக்க வேண்டும். அந்த வருஷம் ஆள்மேல் ஆள் இழுத்தும் கொக்கி மாட்டவில்லை. ராஜா மூச்சைப் பிடித்தான், மாட்டியது. மூச்சை விட்டான், கொக்கி பறந்துபோய்ச் சேனாதிபதியின் மூக்கில் அடித்தது. சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராஜாவுக்கு அதுதான் பெரிய அவமானம்.

அப்போது எழுந்தவர் சூடாமணி வைத்தியர். வெளிநாட்டிலிருந்து வந்து அரண்மனையில் ஒட்டிக்கொண்டவர். மந்திரி மாறநம்பியின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

"பிரபு, குற்றவாளி சோறு! சோறு, பலகாரம், கிழங்கு, வெல்லம் எல்லாவற்றையும் தள்ளுங்கள். கறியும் மீனும் நெய்யும் கீரையும் போதும்."

ராஜா தள்ளினான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது இடுப்பு இறங்கியது. தை பிறப்பதற்குள் கச்சை சும்மா வழுக்கிக்கொண்டு மாட்டியது. அரண்மனையே வாயைப் பிளந்தது. மாறநம்பியும் மனதாரப் பாராட்டினார். கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்கிற ஆள் அல்ல அவர்.

ஆனால் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கச்சையைக் கட்டிக்கொண்டே சபைக்கு வந்தான்.

"நான் இளைத்தேன், நாடும் இளைக்கட்டும்! வருகிற ஆடியில் ஒருவனும் நெல் விதைக்கக் கூடாது. முரசறையுங்கள்!"

மாறநம்பி கணக்குப் போட்டுப் பார்த்தார். தேனாறையில் நெல்லை விட்டால் ஊர் வயிற்றை நிரப்ப வேறு பயிர் கிடையாது. ஒரு போகம் தவறினால் ஜனங்கள் இளைக்க மாட்டார்கள், மடிவார்கள். போதாக்குறைக்கு, ராஜாவின் அத்தை உலகம்மை நீரிழிவுக்காரி. மருமகனைப் பார்த்துச் சோற்றை நிறுத்தினாள். நீரிழிவுக்கான லேகியத்தை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கினாள். சோறில்லாத உடம்பில் மருந்தின் வேகம் தாங்காமல் பூஜை அறையிலேயே கண் இருண்டு சாய்ந்துவிட்டாள். தேன் நக்க வைத்து எழுப்ப வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிடுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும் என்று வைத்தியர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மந்திரி கேட்டதற்கு, "பொறாமை பேசுகிறது" என்று சூடாமணி சிரித்தார். ராஜாவும் கூடச் சிரித்தான்.

நேரே எதிர்த்துப் பயனில்லை என்று மாறநம்பிக்கு விளங்கிவிட்டது. மறுநாள் சபையில் கைகூப்பி எழுந்தார்.

"அருமையான கட்டளை, பிரபு. இன்றே முரசறைந்துவிடலாம். நம் நாட்டு வழக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது."

"என்னய்யா வழக்கம்?"

"தங்கள் கொள்ளுப்பாட்டனார் ஊருக்கெல்லாம் கள்ளைத் தடுத்துவிட்டுத் தாம் மட்டும் குடித்தாராம். அன்றைக்கு வந்த வழக்கம். ஜனங்களை ஒன்றை விடச் சொன்னால், அதை விடும் யோசனையைச் சொன்னவர் முதலில், அரசர் அடுத்து, பட்டத்து முரசின் மேல் கைவைத்து 'உயிருள்ளவரை நானும் விட்டேன்' என்று சொல்ல வேண்டும். சொல் தவறினால் நாட்டில் இடமில்லை."

"இவ்வளவுதானே? கொண்டுவா முரசை!" என்றான் ராஜா.

முரசு வந்தது. கூடவே, தற்செயலாகத்தான் போலும், கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் பிரசாதமும் வந்தது. நெய்யும் ஏலக்காயும் சபையெங்கும் மணந்தன. சேனாதிபதி எச்சில் விழுங்கிய சத்தம் நன்றாகவே கேட்டது.

"வைத்தியரே, வாருங்கள்" என்றார் மாறநம்பி. "உயிருள்ளவரை. மகள் கல்யாணப் பந்தியிலும், பேரனுக்குச் சோறூட்டும் நாளிலும், காய்ச்சலில் கஞ்சி கேட்கும்போதும்."

சூடாமணி கையை நீட்டினார். கை முரசைத் தொடவில்லை, அந்தரத்திலேயே நின்றது.

"மந்திரியாரே... உயிருள்ளவரை என்பது எதற்கு? ஆவணி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாமே."

"ஏன் வைத்தியரே?" என்றான் ராஜா.

"அதற்கு மேல் மனுஷனால் முடியாது பிரபு. வேண்டிய அளவு இளைத்ததும் பழையபடி சாப்பிட வேண்டியதுதான்."

"பழையபடி சாப்பிட்டால்?"

"பழையபடி..." வைத்தியர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுமய்யா!"

"தொப்பையும் வரும், பிரபு."

சபை இந்த முறை சிரித்தது. முதலில் சிரித்தவன் ராஜா. குலுங்கிச் சிரித்ததில் கச்சைக் கொக்கி கழன்று மடியில் விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் கழன்ற கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அப்படியென்றால் நான் பட்ட பாடெல்லாம் வீணா, மாறநம்பி?"

"வீண் இல்லை பிரபு. வைத்தியர் சொன்னதில் பொய்யில்லை, உடம்பு இறங்கத்தான் இறங்கியது. ஆனால் வேறு வழியில் அளவாகச் சாப்பிட்டவனும் வருஷக் கடைசியில் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பான். எந்த வழியானாலும் விடாமல் நடந்தால்தான் பலன். இந்த முரசின் மேல் கைவைத்து ஆயுளுக்கும் தங்களால் எதைச் சொல்ல முடியும்? அதுதான் தங்கள் பத்தியம்."

ராஜா வெகுநேரம் யோசித்தான். அந்த மூர்க்கன் அப்படி யோசித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு முரசின் மேல் கைவைத்தான்.

"சோறு பாதி, கீரையும் பருப்பும் மீதி. அதிரசம் பண்டிகைக்கு மட்டும். காலையில் குளிக்கக் குளத்துக்குப் பல்லக்கில் போக மாட்டேன், நடப்பேன். உயிருள்ளவரை."

நெல்லுக்குத் தடை என்ற பேச்சே அதோடு போயிற்று. ஆடியில் வழக்கம்போல் விதைத்தார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மாறநம்பிக்குப் போட்டான். சூடாமணியை என்ன செய்வது என்று சேனாதிபதி மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தினமும் விடிந்ததும் என்னோடு குளத்துக்கு நடக்கட்டும்" என்றான் ராஜா. "போவதற்கு முன் அத்தையின் நாடியைப் பார்த்து லேகியத்தின் அளவைச் சொல்லட்டும்."

அடுத்த விஜயதசமிக்குக் கச்சை மாட்டியது. தையில் இருந்ததுபோல் வழுக்கிக்கொண்டு அல்ல, கொஞ்சம் இழுத்துத்தான். அதற்கடுத்த வருஷமும் அதே இழுப்பு, அதே கொக்கி. ராஜா மூச்சை விட்டான், கொக்கி அசையவில்லை. சேனாதிபதி மட்டும் பழக்கதோஷத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.