முப்பத்துமூன்றாவது ஆள்

மருதவேல் ராஜாவுக்குக் கணினி என்றால் பைத்தியம். வெள்ளம் வருமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல, அறுபத்துநான்கு கோர் உள்ள ராட்சதக் கணினி ஒன்றை அரண்மனையில் இறக்கினார். அறுபத்துநான்கு மூளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஐப்பசி மழை பிடித்தது. "ஆற்றில் வெள்ளம் வரும், ஜாக்கிரதை!" என்று கணினி சொன்னபோது, ஆற்றங்கரைக்காரர்கள் ஏற்கெனவே கூரைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜா கொதித்துப் போனார். "என்ன கோளாறு என்று பார்!" என்று சபையின் கெட்டிக்காரி தையல்நாயகியை ஏவினார்.

அவள் பார்த்தாள். கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது கெர்னல் என்கிற நிரல். அதை எழுதியவர் அமைச்சர் அம்பலவாணர். அது முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணாது. பாதி மூளை சும்மா கிடந்தது!

"ஐயா, அந்த எல்லையைக் கொஞ்சம் உயர்த்துங்களேன்" என்று கேட்டாள்.

"முப்பத்திரண்டே தாராளம். மீதி கோரெல்லாம் வேலை கேட்டு என்னிடம் வந்து அழுததா?"

"கெர்னலின் கண்ணுக்கே தெரியாதது எப்படி ஐயா அழும்?"

"தெரியாததற்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும்?" அமைச்சர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சபையில் அமைச்சர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழா. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அம்பலவாணர் எப்போதும் கடைசியில்தான் வருவார். அன்றும் அப்படியே வந்தார். முகத்துக்கு நேரே கதவு மூடிக்கொண்டது. வெளியே கொட்டுகிற மழை.

தடதடவென்று தட்டினார். "யாரது?" என்றார் ராஜா.

"யாருமில்லை மகாராஜா" என்றான் காவலன் வீரபாகு. "முப்பத்திரண்டு பேரை எண்ணிவிட்டேன். அதற்குமேல் எண்ண வேண்டாம் என்று தையல்நாயகியம்மா உத்தரவு."

"அடேய், நான் அம்பலவாணன்! நனைகிறேன்!"

தையல்நாயகி கதவருகே போனாள். "பொறுங்கள் ஐயா. எண்ணிக்கையில் விட்டுப்போன முப்பத்திரண்டு கோர் வெளியேதான் இருக்கின்றன. துணைக்குப் பேசிக்கொண்டிருங்கள்."

 வெளியிலிருந்து ஈனஸ்வரத்தில் குரல் வந்தது: "உயர்த்திவிடுகிறேன் அம்மா. இன்றைக்கே உயர்த்திவிடுகிறேன். கதவைத் திற!"

சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்ட ராஜா, அவருக்கு வைத்திருந்த பொன்னாடையைத் தையல்நாயகிக்குப் போர்த்தினார். அவள் அதைக் கழற்றி, நடுங்கிக்கொண்டிருந்த அமைச்சரின் தோளில் போட்டாள்.

"ஏனம்மா, உனக்கு வேண்டாமா?"

"இவருக்கு ஜுரம் வந்து படுத்துவிட்டால் கெர்னலை யார் மாற்றுவது மகாராஜா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வெள்ளத்துக்கு ஆற்றங்கரை ஆடுமாடுகள்கூட முதல் நாளே மேட்டில் ஏறி நின்றன.